ஓராண்டு டிப்ளமோ படித்து ஸ்பீச் தெரபிஸ்ட் ஆக முடியுமா?

சென்னை பெரம்பூரிலிருந்து 27 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன். பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல் படித்த அவர், பிறகு பி.எஸ்சி. உளவியல் முடித்து, ஐந்து ஆண்டுகளாக ஓர் ஐ.டி. நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் வேலை பார்க்கிறார். மூன்று வயதாகியும் பேச்சு வராத அக்கா மகனை வாரத்துக்கு இரண்டு நாள், இரண்டு ஆண்டுகள், ஸ்பீச் தெரபிக்கு அழைத்துப் போனவர் இவர்தான். இன்று அந்தச் சிறுவன் வாய் ஓயாமல் பேசுகிறான். தானும் இந்தத் தொழிலுக்கு வரவேண்டும் என்ற ஆசை அப்போது தொடங்கியது. இணையத்தில் தேடியபோது, ‘ஸ்பீச் தெரபியில் முதுகலை டிப்ளமோ, ஓராண்டு, வீட்டிலிருந்தபடியே’ என்ற விளம்பரம் கண்ணில் பட்டு, ரூ. 1,20,000 கட்டணத்தில் ரூ. 15,000 முன்பணமும் கட்டிவிட்டார். சான்றிதழ் கையில் வந்ததும் சொந்த மையம் தொடங்கலாம் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். இதற்கிடையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் உள்ள இரண்டு குழந்தைகளுக்கு, பெற்றோர் கேட்டுக்கொண்டதால், ஒரு மாதமாகப் பயிற்சியும் கொடுத்துவருகிறார். அதில் நாலு வயதுக் குழந்தைக்கு ழகரம் சொல்லித் தருகிறார்.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில்தான் மனத்தை அழுத்திக்கொண்டிருந்ததை எழுதியிருக்கிறார்: அவருக்குத் திக்குவாய் உண்டு. ‘தொலைபேசியில் என் பெயரையே சொல்ல முடியாமல் நின்றுவிடுவேன். நான் எப்படி இன்னொருவருக்குப் பேச்சு சொல்லித் தருவது?’ நேரடியாக முதுகலையில் சேர முடியுமா, அந்த டிப்ளமோ செல்லுமா, இல்லையென்றால் இங்கிலாந்து சென்று படித்துவிட்டு வரலாமா, 27 வயதில் மறுபடியும் இளங்கலையில் உட்காருவது முட்டாள்தனமா என்பவை அவருடைய கேள்விகள். அம்மா கல்யாணப் பேச்சை எடுத்திருக்கிறார் என்பதையும் சேர்த்து எழுதியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

இருபத்து நான்கு ஆண்டுகளாகப் பேச்சு, மொழி சிகிச்சையிலும் அதைக் கற்பிப்பதிலும் இருக்கிறேன். உங்களைப் போல, வீட்டுக் குழந்தை ஒன்றின் கையைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பு அறையில் உட்கார்ந்து, அங்கிருந்து இந்தத் தொழிலுக்குள் வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலர் நல்ல சிகிச்சையாளர்கள் ஆகியிருக்கிறார்கள். ஆகவே உங்கள் ஆசையை நான் சந்தேகிக்கவில்லை. நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் வழி மட்டும் தவறு. அதை மழுப்பாமல் சொல்வது என் கடமை.

முதுகலைக்கு முன்னால்

இந்தியாவில் பேச்சு, மொழி சிகிச்சையில் எம்.எஸ்சி. சேர, பி.ஏ.எஸ்.எல்.பி. என்று நாங்கள் சொல்லும் செவித்திறன் மற்றும் பேச்சு, மொழி நோயியல் இளங்கலை அல்லது அதற்குச் சமமான பழைய பட்டம் வேண்டும். உளவியல் பட்டத்தோடு நேரடியாக முதுகலைக்குள் நுழையும் வழி இங்கே கிடையாது. இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் வேறு துறைப் பட்டதாரிகளும் முதுகலை வழியாக இத்தொழிலுக்கு வர முடியும். இணையத்தில் நீங்கள் படித்தவற்றில் பெரும்பகுதி அந்த நாடுகளைப் பற்றியது என்பதால்தான் குழப்பம் வந்திருக்கிறது.

பி.ஏ.எஸ்.எல்.பி. நான்கு ஆண்டுப் படிப்பு. மூன்று ஆண்டுகள் வகுப்பும் சிகிச்சையகமும், கடைசி ஓராண்டு இன்டர்ன்ஷிப். அதை முடித்து இந்திய மறுவாழ்வு மன்றத்தில், அதாவது ஆர்.சி.ஐ.யில் பதிவு செய்துகொண்டால் அன்றைக்கே நீங்கள் முழுத் தகுதி பெற்ற தொழில்முறையாளர். ‘நான்கும் இரண்டும் ஆறு ஆண்டுகள், 33 வயதாகிவிடும்’ என்று நீங்கள் போட்டிருக்கும் கணக்கு இங்கேதான் பிசகுகிறது. தொழில் செய்ய முதுகலை கட்டாயமில்லை. கல்லூரியில் கற்பிக்க, ஆராய்ச்சி செய்ய, மூளை நரம்புப் பாதிப்பு, விழுங்கும் சிரமம் போன்ற ஒரு பிரிவில் ஆழமாக இறங்க அது தேவைப்படும். இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, எந்தப் பிரிவில் மனம் நிற்கிறது என்று தெரிந்த பிறகு எம்.எஸ்சி.க்கு வருகிறவர்கள்தான் அதை நன்றாகப் பயன்படுத்திக்கொள்கிறார்கள் என்பது என் அனுபவம்.

பிளஸ் டூவில் உயிரியல் படிக்காததால் கதவு அடைபட்டுவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவும் சரியில்லை. ஆர்.சி.ஐ. பாடத்திட்ட விதி இயற்பியல், வேதியியலோடு உயிரியல் அல்லது கணிதம், கணினி அறிவியல் போன்ற பாடம் ஒன்றைப் படித்தவர்களையும் ஏற்கிறது. உயிரியலைத்தான் கேட்போம் என்று தங்கள் அளவில் வரம்பு வைத்திருக்கும் இடங்களும் உண்டு. எனவே ஒவ்வொரு கல்லூரியின் தகவல் கையேட்டிலும் பாடத் தகுதி, வயது வரம்பு ஆகிய இரண்டு வரிகளை முதலில் படியுங்கள். சென்னையிலேயே போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா, ராஜா அண்ணாமலைபுரத்தில் மெட்ராஸ் ஈ.என்.டி. ஆராய்ச்சி அறக்கட்டளையின் நிறுவனம், காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம்., முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் என்று விசாரிக்க இடங்கள் இருக்கின்றன. மைசூரில் 1965-இல் தொடங்கப்பட்ட அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் இத்துறையின் தாய்வீடு. மத்திய அரசு நிறுவனங்களில் கட்டணம் தனியார் கட்டணத்தைவிட மிகக் குறைவு. ஆர்.சி.ஐ. அங்கீகாரம் நிறுவனத்துக்கு மட்டுமல்லாமல் ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாக, குறிப்பிட்ட காலத்துக்கு வழங்கப்படுவது. ஆகையால் நீங்கள் சேரும் ஆண்டில் அந்தப் படிப்பு பட்டியலில் இருக்கிறதா என்று மன்றத்தின் இணையதளத்திலேயே பார்த்துவிடுங்கள். கல்லூரியின் வரவேற்பறையில் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம்.

அந்த ஓராண்டு டிப்ளமோ

நீங்கள் அனுப்பிய விளம்பரத்தில் ஆர்.சி.ஐ. என்ற சொல்லே இல்லை. ‘சர்வதேச அங்கீகாரம்’ என்று மட்டும் இருக்கிறது. 1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டத்தின் 13-ஆவது பிரிவின்படி, அங்கீகரிக்கப்பட்ட தகுதி பெற்று மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயர் பதிவு செய்தவர் மட்டுமே இந்தியாவில் எங்கும் மறுவாழ்வுத் தொழில்முறையாளராகப் பணியாற்றலாம். பேச்சு சிகிச்சையும் அதில் அடக்கம். மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ரூ. 1,000 வரை அபராதம், அல்லது இரண்டும். அபராதத் தொகையைப் பார்த்து இதை அற்பமாக எண்ணிவிடாதீர்கள். சிகிச்சையில் தவறு நேர்ந்து பெற்றோர் வழக்குப் போட்டால், பதிவில்லாதவருக்குச் சொல்லிக்கொள்ள எந்தத் தற்காப்பும் இருக்காது.

ஓராண்டில் முடிகிற, அங்கீகாரம் பெற்ற படிப்புகளும் உண்டு என்பதை நியாயமாகச் சொல்லவேண்டும். செவித்திறன், மொழி, பேச்சு டிப்ளமோ என்று பிளஸ் டூ முடித்தவர்களுக்கு ஒன்று இருக்கிறது. அது மேற்பார்வையின் கீழ் உதவியாளராகப் பணியாற்றத்தான். தனி மையம் வைக்க உதவாது. முதுகலை டிப்ளமோக்களும் சில இருக்கின்றன. ஆனால் மருத்துவ மொழியியல் போன்றவை ஏற்கெனவே எங்கள் துறைப் பட்டம் பெற்றவர்களுக்கானவை. உங்களுக்கு விற்கப்பட்டது இவற்றில் எதுவும் இல்லை.

முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு இன்றே எழுத்துமூலமாகக் கடிதம் அனுப்புங்கள். படிப்பு ஆர்.சி.ஐ. அங்கீகாரம் பெற்றதா என்ற கேள்வியையும் அதிலேயே கேட்டு, பதினைந்து நாள் அவகாசம் கொடுங்கள். விளம்பரத்தின் திரைப்பிடிப்பு, பணம் கட்டிய ரசீது, ‘மையம் தொடங்கலாம்’ என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்தி ஆகிய மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வருமா என்பதில் தீர்ப்புகள் ஒரே மாதிரி இல்லை. ஆகவே பணம் முழுவதும் திரும்பும் என்று நான் உறுதி சொல்லமாட்டேன். 15,000 போனாலும் மீதி 1,05,000-ஐக் கட்டாமல் இருப்பதே உங்களுக்கு லாபம்.

அந்த இரண்டு குழந்தைகள்

இந்தப் பகுதியை எழுதும்போதுதான் எனக்கு மனம் கனக்கிறது. நீங்கள் நல்லெண்ணத்தோடு செய்வதை நிறுத்தச் சொல்கிறேன், இந்த வாரமே. சட்டத்துக்காக மட்டும் அல்ல.

சில ஆண்டுகளுக்கு முன் நாலரை வயதுப் பெண் குழந்தை ஒன்றை என்னிடம் அழைத்து வந்தார்கள். பேச்சு வரவில்லை என்று, வீட்டருகே ஒரு மையத்தில் எட்டு மாதங்கள் பயிற்சி கொடுத்திருந்தார்கள். உதட்டில் தேன் தடவி நக்கச் சொல்வது, மெழுகுவத்தியை ஊதச் சொல்வது, கண்ணாடி முன் நாக்கை நீட்டி மடக்குவது. அந்தக் குழந்தை எல்லாவற்றையும் அழகாகச் செய்துகாட்டினாள். அவள் முகத்தைப் பார்க்காமல் பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்; திரும்பவில்லை. காதில் ஒலி கொடுத்து நரம்பின் எதிர்வினையை அளக்கும் பெரா பரிசோதனையில் இரண்டு காதிலும் தீவிரமான கேளாமை என்று தெரிந்தது. எட்டு மாதத்தில் ஒருவர்கூடக் காதைச் சோதிக்கச் சொல்லவில்லை. தமிழக முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் உள்காதில் கேட்கும் கருவி பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவைச் சிகிச்சை 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத்தான் கிடைக்கும். அதிலும் எவ்வளவு சீக்கிரம் செய்கிறோமோ அவ்வளவு நன்றாகப் பேச்சு வரும். நான்கு ஆண்டுகள் அதிகம் என்று நீங்கள் தயங்குகிறீர்கள். அந்தக் குழந்தைக்குப் போன எட்டு மாதத்தை எந்தப் படிப்பாலும் திருப்பித் தர முடியாது என்பதை நினைத்துப் பாருங்கள்.

நீங்கள் ழகரம் பழக்கும் நாலு வயதுக் குழந்தையின் விஷயமும் இப்படித்தான் என்னை யோசிக்க வைக்கிறது. வாழைப்பழத்தை ‘வாளப்பளம்’ என்று அந்தக் குழந்தை சொல்கிறது என்கிறீர்கள். ழகரம் தமிழில் கடைசியாகப் படிகிற ஒலிகளில் ஒன்று. நாலு வயதில் அது வராதது குறைபாடு அல்ல. தவிர, அந்த வீட்டில் அம்மாவும் தாத்தாவும் எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டீர்களா? வீட்டில் எல்லோரும் ‘வாளப்பளம்’ என்றோ ‘வாயப்பயம்’ என்றோ சொன்னால், குழந்தை தன் வீட்டு வழக்கைச் சரியாகக் கற்றிருக்கிறது என்று பொருள். எது வழக்கு, எது குறைபாடு என்று பிரித்தறிவது எங்கள் பாடத்தின் முதல் ஆண்டிலேயே தொடங்கி, கடைசி வரை வரும்.

உங்கள் கடிதத்தில் அந்தக் குழந்தையைப் பற்றி வேறொரு வரி இருக்கிறது. நீங்கள் அதைச் சிரிப்போடு எழுதியிருக்கிறீர்கள். காக்காவைக் காட்டி ‘தாத்தா’ என்கிறது, கதவைத் ‘ததவு’ என்கிறது. எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் பட்டது. ககரம் எழ நாக்கின் பின்பகுதி எழும்பவேண்டும். அதற்குப் பதில் நுனி எழும்பிப் பல்லில் தட்டினால் தகரம் வந்துவிடும். சின்னக் குழந்தைகளிடம் இது இயல்பு. நாலு வயதிலும் நீடித்தால் கவனிக்கவேண்டும். இந்த வித்தியாசம் அந்தக் காதுக்குக் கேட்கிறதா, அண்ணம் சரியாக இருக்கிறதா, ‘ஊக்கு’, ‘மூக்கு’ போன்ற சொற்களிலாவது ககரம் தட்டுப்படுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகுதான் பயிற்சி. எல்லாம் சரி என்றால் ஒரு காக்கா படமும் ஒரு தாத்தா படமும் போதும். குழந்தை காக்காவைக் கேட்க நினைத்துத் ‘தாத்தா’ என்று சொல்லும்போது, நாம் மறுபேச்சில்லாமல் தாத்தா படத்தை எடுத்துக் கையில் கொடுக்கவேண்டும். குழந்தை படத்தைப் பார்க்கும், நம் முகத்தைப் பார்க்கும். தான் சொன்னதும் நினைத்ததும் வேறு என்று அதற்கு உறைக்கிற அந்தக் கணத்தில் நாக்கைப் பற்றி நாம் ஒரு வார்த்தை சொல்லவேண்டியதில்லை. இதை எந்தக் குழந்தைக்குச் செய்யலாம், எதற்குச் செய்யக்கூடாது என்று தெரிவதற்குத்தான் அந்த நான்கு ஆண்டுகள்.

திக்குவாய் உள்ளவர் இந்தத் தொழிலுக்கு வரலாமா

வரலாம். இத்துறை திக்குவாய் உள்ளவர்களிடமிருந்து நிறையப் பெற்றிருக்கிறது. அமெரிக்காவில், இன்று மேற்கு மிச்சிகன் பல்கலைக்கழகம் என்று அறியப்படும் கல்லூரியில் 1936-இல் பேச்சு சிகிச்சையகம் தொடங்கிய சார்ல்ஸ் வான் ரைப்பர் கடுமையாகத் திக்கியவர். திக்குவாய்க்கு இன்றும் நாங்கள் கற்பிக்கும் முறைகளில் முக்கியமான ஒன்று அவர் வகுத்தது: திக்காமல் பேச முயன்று முயன்று பயத்தைப் பெருக்கிக்கொள்ளாமல், திக்கலை எளிதாக்கிக் கடந்து செல்வது.

என் மாணவி ஒருத்திக்கும் உங்களைப் போலவே தன் பெயரில்தான் அடைப்பு வரும். இன்டர்ன்ஷிப்பில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தான். அவள் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளத் தொடங்கி, முதல் எழுத்திலேயே நின்றாள். பார்வையை விலக்கவில்லை, வேறு சொல்லுக்குத் தாவவில்லை. பொறுத்திருந்து பெயரை முடித்தாள். பையன் அம்மாவின் பக்கம் திரும்பி, ‘அக்காவுக்கும் என்னை மாதிரியே வருதா?’ என்று கேட்டான். அன்று அவன் பேசிய முதல் வாக்கியம் அது.

அதற்காகச் சிரமமே இருக்காது என்று சொல்லமாட்டேன். வாய்மொழித் தேர்வு உண்டு, தொலைபேசி உண்டு, சில சோதனைகளில் சொற்களைக் குறிப்பிட்ட வேகத்தில் சொல்லவேண்டியிருக்கும். சேர்ந்த முதல் மாதத்திலேயே துறைத் தலைவரிடம் எழுத்தில் சொல்லி, வாய்மொழித் தேர்வில் கூடுதல் நேரம் கேளுங்கள். படிப்பில் சேருவதற்கு முன்பே திக்குவாயில் அனுபவமுள்ள ஒரு சிகிச்சையாளரிடம் சில மாதங்கள் போவதும் நல்லது. பேச்சை ‘சரிசெய்துகொண்டு’ வருவதற்காகச் சொல்லவில்லை. இருபது ஆண்டுகளாகத் தனியாகச் சுமந்ததை ஒருவரிடம் இறக்கிவைப்பதற்காகச் சொல்கிறேன். மாற்றுத்திறனாளி இட ஒதுக்கீட்டை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். 2016-ஆம் ஆண்டுச் சட்டம் பேச்சு, மொழிக் குறைபாட்டைப் பட்டியலிட்டாலும், குரல்வளை நீக்கம், மூளைப் பாதிப்பால் வரும் பேச்சிழப்பு போன்ற, உறுப்பு அல்லது நரம்பு சார்ந்த நிரந்தரக் காரணங்களையே அதன் வரையறை சொல்கிறது.

இங்கிலாந்து

அங்கே வேறு துறைப் பட்டதாரிகளுக்கு இரண்டாண்டு முதுகலை உண்டு. முடித்தால் அந்நாட்டு உடல்நலத் தொழில்களுக்கான மன்றத்தில் பதிவு செய்து வேலை பார்க்கலாம். ஐ.ஈ.எல்.டி.எஸ். தேர்வில் 7.5 அல்லது 8 வரை கேட்கிற பல்கலைக்கழகங்கள் பல. கட்டணமும் தங்கும் செலவும் சேர்ந்து பல லட்சம். அங்கேயே தங்கி வேலை பார்ப்பதுதான் திட்டமென்றால் தாராளமாகப் பரிசீலிக்கலாம். ஆனால் ‘படித்துவிட்டு பெரம்பூரில் மையம் வைப்பேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். வெளிநாட்டுப் பட்டம் இங்கே தானாகச் செல்லுபடியாகாது. ஆர்.சி.ஐ. அதைத் தனியாக ஏற்கவேண்டும். எங்கள் துறை இளங்கலை இல்லாமல் நேரடியாகப் பெற்ற முதுகலையை ஏற்பார்களா என்று, கடன் வாங்குவதற்கு முன்பே மன்றத்திடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். அங்கே நீங்கள் பழகுவது ஆங்கில ஒலிகளையும் ஆங்கிலக் குழந்தைகளையும். நான் மேலே சொன்ன காக்கா, தாத்தா படங்களை எந்த ஆங்கிலப் பயிற்சிப் பெட்டியிலும் வாங்க முடியாது.

வயது, பணம், வீடு

பி.ஏ.எஸ்.எல்.பி. முழுநேரப் படிப்பு. காலையில் சிகிச்சையகம், பிற்பகலில் வகுப்பு, சிகிச்சைக்கு வருபவர்களைப் பற்றிய குறிப்பேடு என்று நாள் முழுக்க இழுக்கும். அஞ்சல் வழியிலோ, வேலை பார்த்துக்கொண்டே மாலை நேரத்திலோ முடியாது. கல்லூரியின் வயது வரம்பு இடம் கொடுத்தால், ஓராண்டு சம்பளத்தைச் சேமித்துக்கொண்டு 28-இல் சேர்ந்து 32-இல் முடிப்பீர்கள். மீதிக்கு வங்கிக் கல்விக் கடன் வழக்கமாக ரூ. 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் இல்லாமல் கிடைக்கும். உடன் படிப்பவர்கள் பதினெட்டு வயதுப் பிள்ளைகளாக இருப்பார்கள் என்பது முதல் பருவத்தில் உறுத்தும். பக்கவாதம் வந்து பேச்சிழந்த 60 வயதுக்காரர், ‘தண்ணீர்’ என்று கேட்க நினைத்து ‘நாற்காலி’ என்று சொல்லிவிட்டு அழும்போது, அவர் எதிரில் நிதானமாக உட்கார்ந்திருக்க உங்கள் வயது கைகொடுக்கும்.

இது முடியாது என்று கணக்குப் போட்டுத் தெரிந்தால், உங்கள் பட்டத்தை வைத்துச் சிறப்புக் கல்வியில் இரண்டாண்டு பி.எட். படிக்கலாம். அதுவும் ஆர்.சி.ஐ. பதிவுள்ள தொழில்தான், பேசத் தாமதமாகும் குழந்தைகளோடும் வேலை இருக்கும். கல்யாண விஷயத்தில் நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. வரன் பார்க்கும்போதே படிப்பைப் பற்றி வெளிப்படையாகப் பேசிவிடுங்கள் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஒத்திவைத்து, மூன்றாம் ஆண்டில் படிப்பை விட்டுப் போன பெண்களின் சிகிச்சைக் குறிப்பேடுகள் இன்னும் எங்கள் அலமாரியில் இருக்கின்றன.

முடிவு எடுப்பதற்கு முன், ஒரு கல்லூரியின் சிகிச்சையகத்தில் அனுமதி கேட்டு இரண்டு நாள் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். குழந்தைகள் பிரிவில் மட்டும் உட்காராமல், விழுங்க முடியாமல் மூக்குக் குழாயோடு வருகிற பெரியவர்களுக்கு ஒரு தேக்கரண்டி கெட்டிக் கஞ்சியை எப்படிப் பார்த்துப் பார்த்துக் கொடுக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். அதுவும் எங்கள் வேலைதான்.

அதற்கும் முன்னால், அந்த இரண்டு வீட்டுக்கும் இந்த ஞாயிற்றுக்கிழமை போய், எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையிலோ வேறு நல்ல இடத்திலோ முதலில் காதைச் சோதித்து, பிறகு பதிவு பெற்ற ஒரு சிகிச்சையாளரைப் பார்க்கச் சொல்லுங்கள். ‘தாத்தா’ என்கிற குழந்தையின் அம்மாவிடம், காக்கா விஷயத்தை மறக்காமல் அங்கே சொல்லச் சொல்லுங்கள்.